கொழுக்கட்டை வாங்காத கை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஒரு கண்ணால் மேடையையும் மறு கண்ணால் மேகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். வாழ்த்துரை, வரவேற்புரை எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்களே தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் வைத்தது தலைப்பு மட்டும்தான்.

பல சமயத்தார் கலந்து வாழும் தமிழ்நாட்டில், கிறிஸ்தவர்கள் அக்கம்பக்கத்தோடு இணங்கி வாழக் காரணம் விசுவாசத்தில் உறுதியா, விசுவாசத்தில் நெகிழ்வா? இதுதான் தலைப்பு. நான் உறுதி அணி. என்னை இந்த அணியில் போட்டது நடுவர் ஐயா. போட்ட பிறகு மாறமாட்டேன் ஐயா, அதில் நான் உறுதி.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். கடைசியில் ஒரு வரி போட்டார் பாருங்கள்: "சாமிக்குப் படைத்த கொழுக்கட்டையை வாங்காத கை, சகோதரன் என்று சொல்லி எப்படிக் கைகுலுக்கும்?" பந்தலே அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். தட்டி முடித்த பிறகுதான், அட, இது நம்மைச் சொன்னதாயிற்றே என்று உறைத்தது.

நான் நிறையக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தேன். எல்லாவற்றையும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இந்தக் கொழுக்கட்டைக்கு ஒரு வழி பண்ணாமல் நான் இறங்கப் போவதில்லை.

ஐயா, எங்கள் பெரியம்மா ஒருத்தர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். சபைக்கு முதல் மணி அடிக்கும்போது உள்ளே இருப்பார், கோயில்பிள்ளை, அதாவது சபைப் பணியாளர், வந்துதான் கதவையே திறக்க வேண்டும், ஆனாலும் உள்ளே இருப்பார். அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அப்படி ஒரு விசுவாசம். அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு ஆச்சி புதிதாகக் குடிவந்தார். சுத்த சைவம். நெற்றி நிறையத் திருநீறு. பிள்ளையார் சதுர்த்தி வந்தது. ஆச்சி தட்டு நிறையக் கொழுக்கட்டையோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

பெரியம்மா கேட்டார்: "ஆச்சி, படைச்சதா?"

"ஆமாம்மா, இப்பத்தான் பிள்ளையாருக்குப் படைச்சிட்டு, சூடு ஆறதுக்குள்ள ஓடியாரேன்."

"அப்ப நான் சாப்பிட மாட்டேன் ஆச்சி. தப்பா நினைக்காதீங்க."

அவ்வளவுதான். ஆச்சி தட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எதிரணித் தலைவர் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் அவருக்கு வெற்றி. ஆனால் கதை நிற்கவில்லையே! ஆச்சிக்குக் கோபமோ கோபம். வாசல் தெளிக்கும்போதுகூடப் பெரியம்மா வெளியே வந்தால் இவர் உள்ளே போய்விடுவார், இவர் வந்தால் அவர். எதிரெதிர் வீடு. அந்தக் காலத்து மழை பொம்மைக் கூண்டில் ஒரு பொம்மை வந்தால் மற்றது உள்ளே போகுமே, அதே மாதிரி ஒரு வருஷம் ஓடியது.

மறு வருஷம் சதுர்த்தி. விடிந்தும் விடியாத நேரம். கதவு தட்டுகிற சத்தம். பெரியம்மா ஜெபத்திலிருந்து எழுந்து போய்த் திறந்தால், ஆச்சி நிற்கிறார். கையில் தூக்குவாளி. ஆவி பறக்கிறது.

"இந்தா, பிடி. இன்னும் படைக்கல. பிள்ளையாருக்கே இனிமேதான். உனக்குத்தான் முதல்ல."

நடுவர் அவர்களே, கவனித்தீர்களா? பின்வரிசையில் சிரிப்பு வரவில்லை, அதனால் இன்னொரு தரம் சொல்கிறேன். அன்றைக்கு அந்தத் தெருவில் பிள்ளையாருக்கு முந்திக் கொழுக்கட்டை சாப்பிட்டது யார்? சபைக்கு முதல் மணியில் உள்ளே இருக்கிற எங்கள் பெரியம்மா! விநாயகர் காத்துக்கொண்டு இருந்தார், எங்கள் பெரியம்மா தின்றுகொண்டு இருந்தார்.

எதிர்வீட்டு ஐயா, ஆச்சியின் வீட்டுக்காரர், பதறிப்போய்க் கேட்டாராம், "ஏளா, சாமிக்கு முன்னாடியேவா?" ஆச்சி சொன்ன பதிலைக் கேளுங்கள்: "பிள்ளையாரு கோவிச்சுக்கிட மாட்டாரு. அவரு நம்ம வீட்டுப் பிள்ளை, பொறுத்துக்கிடுவாரு. இவ பொறுக்க மாட்டா, வேண்டாம்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்புடுவா."

இதில் யார் நெகிழ்ந்தது? பெரியம்மா ஒரு அங்குலம் அசையவில்லை. ஆச்சியும் பிள்ளையாரை விட்டுவிடவில்லை, அவருக்கு அன்றைக்கும் முழுப் படையல்தான். இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நடுவில் போய்வந்தது ஒரு தூக்குவாளி. அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு சதுர்த்திக்கும் அதே நேரம், அதே வாளி. ஆச்சியின் மருமகள் ஒருதரம் மறந்துபோய்ப் படைத்துவிட்டாராம். ஆச்சி அவரைத் திரும்ப மாவு பிசைய வைத்தார் ஐயா! எங்கள் பெரியம்மாவின் விசுவாசத்துக்காக ஒரு சைவ மருமகள் இரண்டாம் தடவை மாவு பிசைந்தாள். இதை எந்தச் சபை வரலாற்றிலாவது எழுதியிருக்கிறார்களா?

இன்னும் முடியவில்லை. மணியைத் தொடாதீர்கள்.

கிறிஸ்துமஸ் வந்தது. பெரியம்மா பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா? ஆனால் எங்கள் வீட்டுச் சட்டி எல்லாம் கோழி பார்த்த சட்டி. பெரியம்மா பெரியப்பாவைக் கடைக்கு விரட்டிப் புதுச் சட்டி வாங்கினார். புது எண்ணெய். அதில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் சுட்டு, பிறகு சட்டியைக் கழுவிப் பரணில் தனியாக வைத்தார். அதற்குப் பெயரே "ஆச்சி சட்டி". நாங்கள் யாராவது அதைத் தொட்டால் கை மேல் கரண்டி விழும். அது போதாது என்று ஒரு வருஷம் முட்டை இல்லாமல் கேக் செய்கிறேன் என்று இறங்கினார். அந்தக் கேக்கை வெட்டப் பெரியப்பா அரிவாளைத் தேடினார். ஆச்சி அதைக் காப்பியில் ஊறவைத்து ஊறவைத்துத் தை பிறக்கும்வரை தின்றார். "நல்லா இருக்கும்மா" என்றார். பொய்தான். ஆனால் அதற்கு இந்தத் தெருவில் யாரும் ஆச்சியைக் குறை சொல்ல முடியாது.

இப்போது எதிரணித் தலைவரைக் கேட்கிறேன். உங்கள் யோசனைப்படி பெரியம்மா முதல் வருஷமே நெகிழ்ந்து, தட்டை வாங்கி, "ரொம்ப நன்றி ஆச்சி" என்று சொல்லிவிட்டு, கொல்லைப்புறம் போய் மாட்டுக்குப் போட்டிருந்தால்? எத்தனை வீட்டில் அப்படி நடக்கிறது, எனக்குத் தெரியாதா? மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, பக்திக்குப் பக்தியும் ஆச்சு. ஆனால் அந்தத் தூக்குவாளி வந்திருக்குமா? ஆச்சி சட்டி பரணில் ஏறியிருக்குமா?

வாங்கிச் சாப்பிடுகிற கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறைசொல்ல வரவில்லை. ஏனென்றால் இந்தச் சண்டை பிள்ளையார் சதுர்த்தியில் தொடங்கியது இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துப் பழசு. கொரிந்து என்று ஒரு கிரேக்கப் பட்டணம். திரும்பின பக்கமெல்லாம் கோயில். சந்தையில் விற்கிற இறைச்சியில் பாதி, பலிகொடுத்துவிட்டு வந்ததா இல்லையா என்றே தெரியாது. அங்கே புதிதாகக் கிறிஸ்தவர் ஆனவர்களுக்குள் சாப்பிடலாமா கூடாதா என்று அடிதடி. இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல் கடிதம் எழுதுகிறார். என்ன எழுதுகிறார்? சாப்பாடு நம்மைக் கடவுளிடம் கூட்டிக்கொண்டு போகாது. சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடு. வேறு நம்பிக்கைக்காரர் விருந்துக்குக் கூப்பிட்டால் போ, வைத்ததைச் சாப்பிடு. "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம், எட்டாம் அதிகாரமும் பத்தாம் அதிகாரமும். வீட்டில் இருந்தால் போய்ப் பாருங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? "விருந்துக்குப் போ" என்கிறார். ஊரை விட்டு ஒதுங்கு என்று சொல்லவில்லை, அவர்கள் பந்தியைக் கலை என்றும் சொல்லவில்லை. பெரியம்மா பவுலைப் பத்து வரி படித்தாரா, பாதி வரி படித்தாரா, யாருக்குத் தெரியும்? ஆனால் "படைச்சதா?" என்று அவர் கேட்ட கேள்வி அங்கேயிருந்து வந்தது.

சரி, எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் அம்மாவுக்கு வருகிறேன். "எல்லாம் ஒன்றுதான், பெயர்தான் வேறு" என்றார். கேட்க இனிக்கிறது. எல்லாம் ஒன்றுதான் என்றால் சகிப்புத்தன்மைக்கு இங்கே என்னம்மா வேலை? என்னைப் போலவே இருக்கிறவனை நான் எதற்குச் சகிக்க வேண்டும்? நீ வேறு, நான் வேறு, உன்னுடையது எனக்குச் சரியாகப் படவில்லை, இருந்தாலும் உன் வாசலில் நீ கோலம் போடு, என் வாசலில் நான் நட்சத்திரம் தொங்கவிடுகிறேன் என்பதற்குத்தானே அந்தப் பெயர்?

அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் துணைக்கு அழைத்தார். "சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடியவர், நெகிழ்ந்த கிறிஸ்தவர்" என்றார். அம்மா, அவர் எங்கள் ஆள். எங்கள் சாட்சியை எங்களைக் கேட்காமல் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். திருவருள் மாலையும் தேவமாதா அந்தாதியும் பாடிய கத்தோலிக்கர் அவர். கடைசிவரை கத்தோலிக்கர். வேலை முன்சீப், அதாவது நீதிபதி. அவருக்கு உயிர்த் தோழர் யார்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருவாவடுதுறை ஆதீன வித்துவான், சிவபூசை செய்யாமல் சாப்பிடாதவர். அந்தச் சைவப் பெரும்புலவர் இந்தக் கிறிஸ்தவ முன்சீப் மேல் குளத்தூர்க் கோவை பாடினார். இந்தக் கிறிஸ்தவ முன்சீப் அந்த மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் மேல் செய்யுள் பாடினார். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் வேதநாயகம் பிள்ளை கைப்பொருளைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். அதைப் பார்த்து நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி, "நீயே புருஷ மேரு" என்று அவர் மேலேயே பாடினார். யாராவது மதம் மாறினார்களா? யாராவது தன் நெற்றியை அழித்துக்கொண்டார்களா? மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருநீறோடுதான் இருந்தார், இவர் ஜெபமாலையோடுதான் இருந்தார். பாட்டு மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

மூன்றாவது பேச்சாளர் தம்பி கொஞ்சம் காரமாகவே பேசினார். கோவாவில் 1560-ல் வந்த, விசுவாசம் தவறியவர்கள் என்று ஆட்களைத் தண்டித்த விசாரணை மன்றத்தைச் சொன்னார். ஜெனீவாவில் 1553-ல், சபையின் கோட்பாட்டை மறுத்த செர்வெட்டஸை உயிரோடு எரித்ததைச் சொன்னார். உறுதி என்றால் இதுதானே என்றார். நடந்தது உண்மை தம்பி, மழுப்ப மாட்டேன். ஆனால் நெருப்பு வைக்கிறவனிடம் இருந்தது அரசாங்கத்தின் தடி. தன் கடவுளைக் காப்பாற்றத் தடி வேண்டும் என்று நினைக்கிறவனை உறுதியானவன் என்று சொல்ல என் வாய் கூசுகிறது. அந்தச் செர்வெட்டஸை எரித்ததை எதிர்த்து எழுந்த முதல் குரல்களில் ஒன்று யாருடையது? செபஸ்தியான் கஸ்தெல்லியோ. அவரும் விசுவாசிதான், வேதாகமத்தையே மொழிபெயர்த்தவர். ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பது ஆகாது, அது ஒரு மனிதனைக் கொல்வதுதான் என்று எழுதினார்.

லூக்கா நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு காட்சி இருக்கிறது. சமாரியர் ஊர் ஒன்று இயேசுவை உள்ளே விடவில்லை. யாக்கோபும் யோவானும் கொதித்துப்போய், "ஆண்டவரே, வானத்திலிருந்து அக்கினியை இறக்கி இவர்களை அழிக்கச் சொல்லட்டுமா?" என்கிறார்கள். பாருங்கள், சீடனுக்குத்தான் எப்போதும் குருவைவிடக் கோபம் அதிகம், எந்தக் கட்சிக்கும் இது பொருந்தும். இயேசு என்ன செய்தார்? அவர்கள் இரண்டு பேரையும் அதட்டினார். அப்புறம் வேறு ஊருக்குப் போனார்கள். அவ்வளவுதான். கதவு சாத்தினால் அடுத்த ஊர். மறியல் கிடையாது, கல்வீச்சு கிடையாது.

முதல் மணி அடித்துவிட்டது. தெரிகிறது ஐயா. கேரளாவுக்கு மட்டும் ஒரு நடை போய்வந்து விடுகிறேன், பக்கத்து மாநிலம்தானே.

1985. ஒரு பள்ளிக்கூடம். உடன்பிறந்த மூன்று பிள்ளைகள். யெகோவாவின் சாட்சிகள் என்ற சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று மற்ற சபைகள் ஒத்துக்கொள்ளாது, அந்தச் சண்டை இந்த மேடைக்கு வேண்டாம். காலையில் தேசியகீதம் பாடும்போது அந்தப் பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நிற்பார்கள். வாய் திறந்து பாட மாட்டார்கள். எங்கள் விசுவாசம் இடம் கொடுக்கவில்லை என்றார்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டது, சட்டமன்றத்தில் பேச்சு எழுந்தது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள் என்றது. நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பை இப்படி முடித்தார்: நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நம் அரசமைப்புச் சட்டம் சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதில் தண்ணீர் கலக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளைகள் சும்மா உதட்டை அசைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எத்தனை பேர் பாட்டு வராமல் உதட்டை மட்டும் அசைக்கிறோம்! ஆனால் அவர்கள் எழுந்து நின்றார்கள், பாடவில்லை. எங்கள் பெரியம்மா ஆச்சியை வாசலில் நிறுத்தி "தப்பா நினைக்காதீங்க" என்றாரே, அந்த ஜாதிதான் இதுவும். இன்றைக்கு இந்த நாட்டில் எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் மனசாட்சி என்று வழக்குப் போட்டால், வக்கீல் முதலில் புரட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

இரண்டாம் மணியும் அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, உங்கள் காலில் விழுகிறேன், ஒரு நிமிடம். இனிமேல் நான் சிரிக்க வைக்கப் போவதில்லை.

1999 ஜனவரி. ஒடிசாவில் மனோகர்பூர் என்ற ஊர். கிரகாம் ஸ்டெயின்ஸ் என்று ஓர் ஆஸ்திரேலியக் கிறிஸ்தவ ஊழியர். 1965-லிருந்து அந்தப் பக்கத்தில், பாரிபதாவில், தொழுநோயாளிகளுக்குப் புண் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். குளிர் இரவில் தன் ஜீப்புக்குள் படுத்துத் தூங்குகிறார். கூட இரண்டு மகன்கள். பிலிப்புக்குப் பத்து வயது. திமோத்திக்கு ஆறு வயது. ஒரு கும்பல் வந்து வண்டிக்குத் தீ வைத்தது. மூன்று பேரும் போய்விட்டார்கள்.

இங்கே தாய்மார்கள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆறு வயது என்றால் என்ன? இன்னும் செருப்பை மாற்றிப் போடுகிற வயது. தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைக்கிற வயது.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் என்ற அந்தத் தாய் என்ன சொன்னார்? கொன்றவர்களை நான் மன்னிக்கிறேன் என்றார். அந்த ஊர்க்காரர்கள் மேல் ஒரு சொல் இல்லை, அவர்கள் மதத்தின் மேல் ஒரு சொல் இல்லை. அடுத்த கப்பலில், அடுத்த விமானத்தில் ஏறிப் போயிருக்கலாம், யார் குறைசொல்வார்கள்? மிச்சமிருந்த ஒரு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதே பாரிபதாவில் இருந்தார். அதே நோயாளிகள், அதே புண்கள், அதே கட்டு. 2004 வரைக்கும் இருந்தார். மறு வருஷம் இந்த நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

தர்க்கம் பேசுகிறவர்கள் இங்கே என்னை மடக்கலாம். மன்னிப்பு வேறு, சகிப்பு வேறு, தலைப்பு தமிழ்நாடு, நீ ஒடிசா போய்விட்டாய் என்று சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள் ஐயா, எனக்குக் கவலை இல்லை. எதிரணித் தலைவரே, நீங்கள் நல்ல மனிதர், எனக்குத் தெரியும். அந்தத் தாயின் முன்னால் போய் நின்று, "அம்மா, உங்கள் விசுவாசத்தில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வரவில்லை. தீர்ப்பை நடுவர் பார்த்துக்கொள்ளட்டும். வணக்கம்.